ஜார் மண்டியிட்ட இரவு

இரவு எல்லாரும் தூங்கின பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பழைய ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். 1928 ஜூலை 4, லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம். மூசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' ஓபரா நடக்கிறது. ஹெச்.எம்.வி. கம்பெனி அரங்கத்துக்குள் மைக் வைத்து அதை நேரடியாகப் பதிவு செய்கிறது. கடைசிக் காட்சி, ஜார் போரிஸ் சாகப்போகிறார். மகனைக் கூப்பிட்டு விடைபெறுகிறார். மணி அடிக்கிறது, தூரத்தில் துறவிகள் பாடுகிறார்கள். அதற்கப்புறம் வருவதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்குகிறது, குரல் உடைகிறது, ஒரு சொல் பாதியில் நிற்கிறது. நூறு வருடப் பழைய கரகரப்பைத் தாண்டி ஒரு மனுஷன் நம் காதுக்குள் வந்து செத்துப்போகிறான்.

அந்தக் குரல் ஃபியோதர் ஷாலியாப்பினுடையது.

ஓபரா பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் காதலன் வேடம் அநேகமாக டெனர் என்கிற மேல்ஸ்தாயிக் குரலுக்குப் போய்விடும். கீழ்ஸ்தாயியில் பாடுகிற 'பாஸ்' பாடகருக்கு மிச்சமிருப்பது ராஜா, பூசாரி, பிசாசு, கிழட்டு அப்பா. ஷாலியாப்பினுக்கு முந்தைய பாஸ் பாடகர்கள் பலர் மேடையில் தூண் மாதிரி நின்று கனமான குரலை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். இந்த ஆள் வந்த பிறகு அந்த ராஜாவும் பிசாசும் மேடையின் நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

இது அவருடைய முழு வரலாறு இல்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு இரவுதான் பிரச்சினை. அந்த இரவில் அவர் முழங்காலை மடக்கினார். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே போவதற்கு முன்னால் அந்த முழங்கால் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

*

1873 பிப்ரவரியில் வோல்கா நதிக்கரையிலுள்ள கசான் நகரத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அப்பா ஒரு அலுவலகத்தில் எழுத்தர். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். மற்ற நாட்களில் வாயே திறக்காத சாதுவான மனிதர் என்று ஷாலியாப்பின் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். பையனைச் செருப்புத் தைக்கிற இடத்தில் விட்டார்கள், கடைசல் பட்டறையில் விட்டார்கள், அப்புறம் நகலெடுக்கிற குமாஸ்தா வேலை. பாட்டு என்பது தேவாலயப் பாடகர் குழுவில் நின்று பாடியதுதான். நடிப்பு? திருவிழாப் பொட்டலில் யாக்கோவ் மாமோனோவ் என்றொரு கோமாளி கூட்டத்தைச் சிரிக்க வைப்பதை எட்டு வயதில் பார்த்து மயங்கி நின்றிருக்கிறார். அதுதான் அவருடைய நாடகப் பள்ளி.

அதே கசானில் அதே காலத்தில் இன்னொரு ஏழைப் பையனும் கிடைத்த வேலையைச் செய்து திரிந்துகொண்டிருந்தான். 'தாய்' எழுதிய மாக்சிம் கார்க்கிதான் அவன். ஒரு நாடகக் குழு பாடகர்களுக்கு ஆள் எடுத்தபோது இருவருமே போய்ப் பாடிக் காட்டினார்களாம். கார்க்கியை எடுத்துக்கொண்டு ஷாலியாப்பினைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மகரக்கட்டு உடைகிற வயது, குரல் பிசிறியிருக்கும். பிற்காலத்தில் நண்பர்களானபோது இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள் என்பார்கள்.

1890-இல் ஊஃபா நகரத்து ஓபரா குழுவில் கோரஸ் பாடகராகச் சேர்ந்தார். கோரஸ் என்றால் பின்னணிக் கூட்டம்: பெயர் கிடையாது, கைதட்டல் கிடையாது, சம்பளம் கையளவு. ஒருநாள் தனிப் பாத்திரம் ஏற்க வேண்டியவர் வராமல்போக, இவரைத் தள்ளிவிட்டார்கள். மேடையில் நாற்காலி இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தார். நாற்காலி வேறு இடத்தில் இருந்தது. தரையில் விழுந்தார், அரங்கமே சிரித்தது. உலகின் மகா நடிகர்களில் ஒருவருடைய முதல் தனி வேடம் இப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு ஊர் ஊராக அலைச்சல், பட்டினி. இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசியில் ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது திமித்ரி உசாத்தொவ் என்ற ஆசிரியர் கிடைத்தார். மாஸ்கோ பொல்ஷோய் அரங்கில் டெனராக இருந்து ஓய்வு பெற்றவர். காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். முதலில் குரலைப் பற்றிப் பேசவில்லை. உன் மேல் நாற்றமடிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லி, சட்டையும் காலுறையும் கொடுத்தாராம். முள்கரண்டி பிடிப்பது எப்படி என்பதும் அங்கேதான் படிப்பு. பிற்பாடு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தாலும், தனக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான் என்று ஷாலியாப்பின் அவரையே சொல்லிவந்தார்.

*

1896-இல் மாஸ்கோ. ரயில் பாதை போட்டுப் பணக்காரரான சவ்வா மாமொந்தொவ் ஒரு தனியார் ஓபரா நடத்திக்கொண்டிருந்தார். அங்கே அரங்கத் திரை வரைந்தவர்கள் யாரென்று பாருங்கள்: விரூபெல், கொரோவின், வாஸ்னெத்சோவ். ரஷ்ய ஓவியத்தின் உச்சப் பெயர்கள். வலன்தீன் செரோவும் அந்த வட்டாரத்தில் ஒருவர். இந்த ஓவியர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் ஷாலியாப்பின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒப்பனையைத் தானே போட்டுக்கொண்டார். கோடு எங்கே இழுத்தால் ஒரு முகத்தில் கொடூரம் வரும், எங்கே இழுத்தால் களைப்பு வரும் என்பது தெரிந்த பாடகர்.

அங்கே துணை நடத்துனராக வந்து சேர்ந்தவர் செர்கேய் ரஹ்மானினோவ். இருவருக்கும் ஒரே வயது. 1898 கோடையில் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் தங்கி ரஹ்மானினோவ் அவருக்கு இசையிலக்கணமும் 'போரிஸ்' ஓபராவும் சொல்லிக்கொடுத்தார். முழு ஓபராவையும், அதாவது தன் பங்கை மட்டுமில்லாமல் எல்லாருடைய பங்கையும் படிக்கிற வழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. அதே கோடையில் இத்தாலிய நடனக்காரி இயோலா தொர்னாகியுடன் ஷாலியாப்பினுக்குக் கல்யாணம். மறுநாள் விடியற்காலை ஜன்னலுக்கு வெளியே ஒரே சத்தம். நண்பர்கள் சட்டி பானை அடுப்புமூடி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கச்சேரியை நடத்துகிறவர் ரஹ்மானினோவ்!

போரிஸ் யார்? 1598 முதல் 1605 வரை ரஷ்யாவை ஆண்டவர். அரியணைக்கு வாரிசான சிறுவன் திமித்ரியைக் கொன்றுவிட்டுத்தான் ஆட்சிக்கு வந்தார் என்று ஒரு பழி. உண்மையா பொய்யா என்று சரித்திரக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஓபராவில் போரிஸ் குற்றவாளிதான். பசியில் நாடு கொந்தளிக்க, செத்த பையனின் உருவம் அவர் கண்முன் வந்து நிற்கிறது. இந்தப் பாத்திரத்தைப் புரிந்துகொள்ள ஷாலியாப்பின் யாரிடம் போனார் தெரியுமா? வசீலி கிளுச்செவ்ஸ்கி என்ற மாபெரும் வரலாற்றாசிரியரிடம். கோடை வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் இருவரும் நடக்கிறார்கள். கிழவர் திடீரென்று நின்று, போரிஸை ஏமாற்றுகிற பிரபு ஷூயிஸ்கியாக மாறிப் பேசுகிறார், அப்புறம் போரிஸாக மாறிப் பதில் சொல்கிறார். இந்த மனிதருக்குப் பாட வந்திருந்தால் ஷூயிஸ்கியாக இவரையே மேடையில் ஏற்றியிருப்பேனே என்று ஷாலியாப்பின் ஏங்கியிருக்கிறார்.

1898 டிசம்பரில் அவர் முதல்முதலாகப் போரிஸாக மேடையேறினார். அதற்குப் பின் சாகும்வரை அந்தக் கிரீடம் அவருடையதுதான். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் நடிப்பு முறைக்கு ஷாலியாப்பினையே முன்மாதிரியாகக் கொண்டார் என்று சொல்வதுண்டு.

1901-இல் இத்தாலியின் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கம் பாய்தோவின் 'மெஃபிஸ்தோஃபெலே' ஓபராவில் சாத்தான் வேடத்துக்கு அவரை அழைத்தது. நடத்துனர் தொஸ்கானினி, கூடப் பாடியவர் கருசோ. அங்கே அப்போது கூலிக் கைதட்டல் கூட்டம் ஒன்று இருந்தது. காசு கொடுத்தால் கைதட்டும், கொடுக்காவிட்டால் கூச்சல் போடும். ஷாலியாப்பினிடமும் வந்தார்கள். ஒரு காசு தர மாட்டேன் என்று விரட்டிவிட்டார். இத்தாலியிலேயே போய் ஒரு ரஷ்யன் இத்தாலிய ஓபரா பாடி, காசு கொடுக்காமல் ஜெயித்து வந்தான். அந்த நாட்களில் அவர் யாருக்கும் வளையாத ஆள் என்றுதான் பெயர்.

*

1905 ஜனவரி 9. ரஷ்யப் பழைய நாள்காட்டிக் கணக்கு. மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள்மீது பீட்டர்ஸ்பர்க்கில் ஜாரின் படை சுட்டது. 'ரத்த ஞாயிறு' என்று சரித்திரத்தில் நின்றுவிட்ட நாள். ஓவியர் செரோவ் அன்று கலைக்கழகக் கட்டடத்து ஜன்னலிலிருந்து படை பாய்வதைக் கண்ணால் பார்த்தார். கலைக்கழகத்தின் தலைவரே ராணுவத்துக்கும் பொறுப்பான அரச குடும்பத்து ஆள். செரோவ் கழகத்திலிருந்து விலகினார். அதே ஆண்டில் ஷாலியாப்பினை ஆளுயரத்தில் கரிக்கோலால் வரைந்தார். நிமிர்ந்து நிற்கிற, யாரையும் சட்டைசெய்யாத ஒரு ராட்சதன் மாதிரி இருப்பார் அந்தப் படத்தில்.

ஷாலியாப்பினும் அந்த வருஷம் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் பொல்ஷோய் அரங்கக் கச்சேரி ஒன்றில் 'துபினூஷ்கா' என்ற உழைப்பாளிகள் பாட்டைப் பாடினார். அப்போது அது புரட்சிக்காரர்களின் பாட்டு. அடுத்த வருஷம் கீவ் நகரத்து சர்க்கஸ் அரங்கத்தில் தொழிலாளர்களுக்காக ஒரு கச்சேரி. மாணவர்களும் எழுத்தாளர்களும் 'இவர் நம்ம ஆள்' என்று கொண்டாடினார்கள். ஏழை வீட்டுப் பையன், கார்க்கியின் தோழன், வேறென்ன வேண்டும்?

1908-இல் தியாகிலெவ் அவரைப் பாரிஸுக்கு அழைத்துப் போய்ப் 'போரிஸ்' நடத்தினார். ஐரோப்பா அசந்துபோனது. புகழின் உச்சத்தில் ஊர் திரும்பி நிற்கும்போதுதான் அந்த இரவு வந்தது.

1911 ஜனவரி 6. பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கம். 'போரிஸ் கோதுனோவ்'. அரச மாடத்தில் ஜார் இரண்டாம் நிக்கலாஸ் உட்கார்ந்திருக்கிறார். அரண்மனைக் காட்சி, செத்த குழந்தையின் உருவம் வந்து போரிஸை மிரட்டுகிற காட்சி, முடிந்துவிட்டது. கைதட்டல், திரும்பத் திரும்பத் திரை தூக்குகிறார்கள். திடீரென்று உள்ளேயிருந்து கோரஸ் பாடகர்கள் மொத்தமாக மேடைக்கு வந்து, ஜாரைப் பார்த்து மண்டியிட்டு, அரச கீதம் பாட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஓய்வூதியக் குறை. நிர்வாகத்திடம் சொல்லி எதுவும் நடக்கவில்லை. நேராக ஜாரிடமே கேட்டுவிடலாம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

நடுவில் ஷாலியாப்பின். வெளியே போகலாமென்றால், அந்தக் காட்சி அமைப்பில் ஒரே ஒரு சின்னக் கதவுதான், அதை அடைத்துக்கொண்டு பாடகர்கள் என்று பின்னால் எழுதினார். எல்லாரும் முழங்காலில், இவர் மட்டும் ஆறடிக்கு மேல் உயரத்தோடு ஜார் உடையில் நிற்கிறார். நின்றுகொண்டே இருந்திருக்கலாமா? சில நொடிகள்தான் இருந்திருக்கும். அவரும் ஒரு முழங்காலை மடக்கினார்.

மேடையில் ஒரு ஜார், மாடத்தில் ஒரு ஜார். ஒரு குழந்தையின் ரத்தத்துக்காக நடுங்கி முடித்த பொய் ஜார், ரத்த ஞாயிற்றின் நிஜ ஜார் முன்னால் மண்டியிட்டார். இதைவிட மோசமான ஒரு காட்சியை எந்த எதிரியும் யோசித்து எழுதியிருக்க முடியாது.

பத்திரிகைகள் பிய்த்துவிட்டன. பிரான்ஸில் அவர் ரயிலில் போனபோது ரஷ்ய இளைஞர்கள் பெட்டிக்குள் புகுந்து அவரை அடிவருடி என்று திட்டினார்கள். மார்க்சிய அறிஞர் பிளெஹானொவ், ஷாலியாப்பின் முன்பு அன்பாகக் கொடுத்திருந்த புகைப்படத்தை, இனித் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார். கார்க்கி வருந்தினார், கோபப்பட்டார், ஆனால் அதே ஆண்டில் காப்ரித் தீவில் நேரில் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார்.

செரோவ் சமாதானமாகவில்லை. பத்திரிகைத் துணுக்குகளை ஒரு உறையில் போட்டு, கூடவே வருத்தமாக ஒரு சின்னக் குறிப்பும் வைத்து அனுப்பினார். பேச்சு நின்றது. அந்த ஆண்டின் கடைசியிலேயே செரோவ் திடீரென்று இறந்துபோனார். ஷாலியாப்பின் அவரிடம் விளக்கம் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. அந்தக் கரிக்கோல் ஓவியம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

*

முதலில் இதைப் படித்தபோது நான் செரோவ் பக்கம்தான் இருந்தேன். ஜன்னலிலிருந்து பிணங்களைப் பார்த்த மனிதனுக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. கதவு சின்னது என்பதெல்லாம் ஒரு சாக்கா? 

அப்புறம் மெதுவாக ஒன்று உறைத்தது. அந்த முழங்காலைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் ஒரு முழங்காலைப் பற்றித்தான். மேடையில் இருந்தது அத்தனை முழங்கால்கள். அந்தக் கோரஸ் பாடகர்கள் யார்? வருடக்கணக்கில் பெயரில்லாமல் பின்னால் நின்று பாடி, தொண்டை போன பிறகு எதைச் சாப்பிடுவது என்று பயந்தவர்கள். அவர்களை யாரும் அடிவருடி என்று திட்டவில்லை. அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஷாலியாப்பின் ஊஃபாவில் நாற்காலி தவறி விழுவதற்கு முன்னால் நின்ற இடம் அதுதான். அன்றைக்கு அவர் நின்றிருந்தால் புரட்சிக்காரர்களுக்கு ஒரு அழகான படம் கிடைத்திருக்கும். மண்டியிட்டுக் கேட்கிற சக தொழிலாளிகளுக்கு நடுவில் நட்சத்திரம் மட்டும் நிமிர்ந்து நிற்கிற படம். அது அவ்வளவு அழகா என்ன?

இதை வைத்து அவரைத் தியாகியாக்கிவிட நான் தயாரில்லை. அவரே இப்படி வாதாடியதில்லை. தடுமாற்றத்தில் நடந்தது என்றுதான் சொன்னார். வேகமாகத் தீர்ப்பு எழுதுகிற பழக்கம் நமக்கும் உண்டு இல்லையா, ஒரு கலைஞனின் ஒரு புகைப்படத்தை வைத்து. எழுதலாம், ஆனால் படத்தின் ஓரத்தில் யார் யார் மண்டியிட்டிருக்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துவிட்டு எழுதலாம்.

*

ஜார் போனார். 1918-இல் புதிய அரசு ஷாலியாப்பினுக்குக் 'குடியரசின் மக்கள் கலைஞர்' என்ற பட்டத்தை முதல் ஆளாகக் கொடுத்தது. மாலுமிகளுக்குப் பாடினார், ஆலைகளில் பாடினார். சில சமயம் சம்பளமாக மாவும் முட்டையும் வந்தன. மறுபக்கம் வீட்டில் சோதனை நடத்தி வெள்ளிச் சாமான்களை எடுத்துப் போனார்கள். 1920-இல் பெத்ரோகிராதுக்கு வந்த எச்.ஜி.வெல்ஸ், அந்த ஊரில் ஓரளவு வசதியாக மிஞ்சியிருந்த கடைசி வீடு ஷாலியாப்பினுடையதாக இருக்கலாம் என்று எழுதினார். பணத்தில் கறார் பேர்வழி என்பதும் உண்மை. பட்டினி தெரிந்தவன் பணத்தை லேசாக எடுத்துக்கொள்வானா?

1922-இல் வெளிநாட்டுக் கச்சேரிக்கென்று கிளம்பியவர் திரும்பவில்லை. பாரிஸில் குடியேறினார். 1927-இல் அங்கே ரஷ்யத் தேவாலயத்து முற்றத்தில் கந்தலோடு நிற்கும் அகதிப் பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்தார். பாதிரியாரிடம் 5,000 பிராங்க் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அகதிகள் என்றால் புரட்சியின் எதிரிகள், அவர்களுக்குக் காசு கொடுத்தவனும் எதிரி என்று மாஸ்கோவில் பேச்சு கிளம்பியது. ஆகஸ்டில் ஒரு அரசாணை. 'மக்கள் கலைஞர்' பட்டம் பறிக்கப்பட்டது. ஜாருக்கு முன்னால் மண்டியிட்டதற்காகத் திட்டு வாங்கியவர், இப்போது பசித்த பிள்ளைகளுக்காகக் குனிந்ததற்குத் தண்டனை வாங்கினார்.

கார்க்கியுடனான நட்பும் முறிந்தது. 1916-இல் கிரிமியாவில் ஷாலியாப்பின் சொல்லச் சொல்லக் கார்க்கி உடனிருந்து உருவாக்கிய நினைவுக் குறிப்பைச் சோவியத் பதிப்பகம் ஒன்று அனுமதியில்லாமல் வெளியிட, ஷாலியாப்பின் பாரிஸில் வழக்குப் போட்டார். கார்க்கி அதை மன்னிக்கவில்லை. ரோமில் சந்தித்தபோது ஊருக்குத் திரும்பச் சொன்னார், இவர் மறுத்தார். பிறகு கார்க்கி இறந்தபோது அன்போடுதான் அவரைப் பற்றி எழுதினார்.

மிச்ச நாட்கள் ஊர் சுற்றல். பாப்ஸ்ட் இயக்கிய 'தான் கிஹோத்தே' படத்தில் நடித்தார். 1936-இல் ஜப்பான் போனபோது பல்வலி. டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் சமையல்காரர் வெங்காயத்தில் ஊறவைத்து இறைச்சியை மெதுவாக்கிப் பரிமாறினார். 'ஷாலியாப்பின் ஸ்டேக்' என்று அது இன்றும் ஜப்பானில் உண்டு. 'ஷொகுகெகி நோ சோமா' அனிமே பார்த்தவர்கள் அவர் குரலைக் கேட்பதற்கு முன்பே அவர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' படத்தில் வருகிற அந்தப் பார்வையிழந்த கிழட்டுத் துறவி? அவருடைய மகன், அப்பாவின் அதே பெயர்.

1938 ஏப்ரல் 12 அன்று ரத்தப் புற்றுநோயில் பாரிஸில் இறந்தார். 1984-இல் சோவியத் அரசே அவர் எச்சங்களை மாஸ்கோவுக்கு வரவழைத்து நொவோதேவிச்சி கல்லறையில் புதைத்தது. பட்டத்தைப் பறித்த ஆணை அப்போதும் அப்படியேதான் இருந்தது. அதை ரத்து செய்ய 1991 ஆனது. செத்துப்போய் 53 வருடம் கழித்து அவர் மறுபடி மக்களின் கலைஞரானார்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த லண்டன் பதிவுக்கு வருகிறேன். பட்டம் பறிபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொரு தரம் கேட்கும்போது கவனியுங்கள். அந்த நாள் கோவென்ட் கார்டனில் ஓபரா நடந்தது இத்தாலிய மொழியில். கோரஸ் பாடுவது இத்தாலியம், மற்ற பாத்திரங்கள் பாடுவது இத்தாலியம். சாகிற ஜார் மட்டும் ரஷ்யனில் பாடுகிறார். சுற்றி நிற்கிற யாரும் அவர் மொழியில் பதில் சொல்வதில்லை. அவர் பாட்டுக்குத் தன் பாஷையில் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்.